நீ விற்ற சைக்கிளைப் பற்றி

அருள்,

நீ ஏற்பாடு செய்த தரகர் நேற்று சாயங்காலம் வந்திருந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார், பால்கனியில் நின்றுகொண்டு அல்சூர் ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வருமா என்று கேட்டார். வரும் என்றேன். காபி கொடுத்தேன். அதற்குப் பிறகு, வீடு வாடகைக்கு இல்லை என்று சொன்னேன். "சார் மெல்போர்ன்லேர்ந்து எல்லாம் பேசி முடிச்சுட்டாரே மேடம்" என்றார். "சார் பேசினாரு. வீடு என்னோடது" என்றேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. காபியை முழுக்கக் குடித்துவிட்டு, ஜோகுபாளையத்தில் வேறு வீடு ஏதாவது காலியாகிறதா என்று என்னிடமே விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்குள் அவர் உனக்குச் சொல்லியிருப்பார். நீ கோபமாக இருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் ஆகாது. "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா" என்று நீ ஆரம்பித்தால் நான் கேட்கத் தொடங்கிவிடுவேன்; கேட்டு முடிக்கும்போது நான் சொல்ல வந்தது எங்கேயோ போயிருக்கும். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ முடிவு செய்தபடி டிசம்பரில் நான் மெல்போர்னுக்குக் குடிவரப் போவதில்லை. நீ விற்ற சைக்கிளுக்குப் பதிலாக இன்னொன்று வாங்கிவிட்டேன். அதில் ஏறி, நான் விழுந்த அதே கால்வாய்க் கரையில், விழுந்த இடத்தையும் தாண்டி மேல்கோட்டை வரைக்கும் போய்விட்டு வந்தேன். இதற்கு மேல் படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம். படித்தால் நல்லது.

உன் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த வருஷங்களில் நீ மெல்போர்னில் முதலில் மேலே படித்துக்கொண்டும் பிறகு வேலை தேடிக்கொண்டும் இருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அப்படி இருக்கச் சொன்னதே நாங்கள்தான். எனக்குப் பகலெல்லாம் ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப். குனிந்து குனிந்து யார் யாருடைய ரத்தத்தையோ பார்ப்பேன். சாயங்காலம் உன் அப்பாவின் பக்கத்தில் நாற்காலி. அவர் போனார், அடுத்த வருஷமே நான் ஓய்வு பெற்றேன். அதிலிருந்து என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: ரெஸ்ட் எடுங்க. மாதா கோயில் மாதர் சங்கத்தில் சொன்னார்கள், மாமா வீட்டில் சொன்னார்கள், நீயும் சொன்னாய். பெரிய டிவி ஒன்று வாங்கி அனுப்பினாய். உட்காரச் சொல்லாதவர்கள் யாருமே இல்லை. எழுந்திருக்கச் சொன்னவள் நாகரத்னா ஒருத்திதான்.

நாகரத்னாவை நீ ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்தாய், நெற்றியில் பெரிய பொட்டும் காலில் ஷூவுமாக வந்திருந்தாள். மல்லேஸ்வரத்தில் வீடு, பஸ் டிப்போ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரைப் பரிசோதனைக்காக என் லேபுக்கு வந்துவந்து பழக்கமானவள். நான் ஓய்வு பெற்றது தெரிந்து ஒரு நாள் வீடு தேடி வந்தாள். கன்னடத்தையும் தமிழையும் அவள் ஒரே கரண்டியில் அள்ளிப் போடுவாள். "ஏன்ரீ, வீட்டுலயே உக்காந்து அடைகாக்கறீங்களா? சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றாள். "ஒரு காலத்துல தெரியும்" என்றேன். "அது மறக்காது. ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

ஒரு காலத்தில் தெரியும் என்றேனே, அதை உனக்கு நான் சொன்னதில்லை. உன் பெரிய மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜோகுபாளையத்துச் சந்துகளில் குரங்குப் பெடல் போட்டுச் சுற்றியவள் நான். அல்சூர் மார்க்கெட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து கறிவேப்பிலை வாங்கப் போவது என் வேலை, போகும்போது ஒரு வழி, வரும்போது வேறு வழி. நான் பெரியவளானதும் அம்மா இறங்கச் சொன்னாள். இறங்கினேன். திரும்ப ஏறச் சொல்வதற்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லை, அதுதான் வேடிக்கை. நாகரத்னா கொண்டுவந்த சைக்கிளில் தொம்மலூர் மைதானத்தில் ஏறினபோது கால் தானாகவே பெடலைத் தேடிக்கொண்டது. நான் அழவெல்லாம் இல்லை. எவ்வளவு வருஷத்தை வீணாக்கினோம் என்று எரிச்சல்தான் வந்தது.

பிறகு நானே ஒன்று வாங்கினேன். நீ எப்போதும் "அந்த சைக்கிள்" என்றுதான் சொல்வாய், அது என்ன வகை என்று கேட்டதில்லை. அதற்குப் பெயர் கிராவல் சைக்கிள். பந்தய சைக்கிளைப் போல ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும், ஆனால் டயர் தடிமனாக, மண்ணைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். தார் ரோடு முடிந்து செம்மண்ணும் சரளைக்கல்லும் தொடங்கும் இடத்தில் மற்ற சைக்கிள்கள் திணறும். இது அங்கேதான் உயிர் பெறும். பெங்களூரைச் சுற்றி அப்படி எத்தனை வழிகள் இருக்கின்றன என்று இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாமல் இருந்தது. ஹொசகோட்டை ஏரிக்கரை. தேவனஹள்ளிக்கு அப்பால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டித் தடம். மாகடிப் பக்கம் பாறைகளின் அடிவாரத்தில் கேழ்வரகு வயல்கள், அவற்றின் ஓரமாகப் போகும் ஒற்றையடிப் பாதை, அது போய்ச் சேரும் ஊரில் இடிந்த கோட்டை வாசல், வாசலில் காயப்போட்ட மிளகாய். இவ்வளவு நாள் குனிந்து ஒரு துளியைப் பார்த்த கண்ணுக்கு அவ்வளவு தூரம் ஒரே பார்வையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? பசித்தவனுக்குப் பந்தி போட்ட மாதிரி இருந்தது.

எல்லா வழியும் எங்களுக்காகத் திறந்தே கிடக்கவில்லை. தேவனஹள்ளிக்கு அந்தப் பக்கம் நாங்கள் எப்போதும் போகிற மண் பாதையில் ஒரு நாள் பெரிய இரும்புக் கேட் முளைத்திருந்தது. உள்ளே மனை போட்டு விற்கிறார்கள். காவலாளி விடவில்லை, மேனேஜரைக் கூப்பிட்டான். அவன் உன் வயதுதான் இருப்பான், தமிழ்ப் பையன், சேலம் பக்கத்துப் பேச்சு. "ஆன்ட்டி, இந்த வயசுல எதுக்கு ஆன்ட்டி இந்த ரிஸ்க்? மெயின் ரோட்லயே போயிடுங்க" என்றான். லாரிகள் பறக்கிற மெயின் ரோடு அவனுக்குப் பத்திரமாகத் தெரிந்தது. நாகரத்னா சண்டை போடவில்லை. "இது ஊர் வழி. யாராச்சும் தொறக்கற வரைக்கும் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து இட்லி டப்பாவைத் திறந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவனுக்கும் ஓர் இட்லி நீட்டினாள், வேண்டாம் என்றான். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெரிய ஆட்டு மந்தை வந்தது. ஆட்டுக்காரர் கேட்டைப் பார்க்கவும் இல்லை, மேனேஜரைப் பார்க்கவும் இல்லை, பின்னால் நின்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆடுகள் முட்டிக்கொண்டு நின்றன. காவலாளி தானாகவே கேட்டைத் திறந்துவிட்டான். ஆடுகளோடு ஆடுகளாக நாங்களும் போனோம். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், உன் அப்பா நன்றாக இருந்த காலத்துக்குப் போக வேண்டியிருந்தது.

கோயிலிலும் பேச்சு வந்தது, அதையும் நீ கேள்விப்பட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்னைக் காணோம் என்று மாதர் சங்கத்து ஸ்டெல்லா வீட்டுக்கே வந்தாள். "சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு வர்றேனே" என்றேன். "அது ஞாயித்துக்கிழமை மாதிரி ஆகுமா?" என்றாள். "ஆகும்னு சாமியாரே சொல்லிட்டாரு." "சாமியார் சொல்வாரு. ஜனங்க என்ன சொல்வாங்க?" என்றாள். ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தே பாதி ஆயுசு போய்விட்டது அருள். மீதியை நான் அதற்குக் கொடுப்பதாக இல்லை.

இப்போது அந்தக் கால்வாய்க்கு வருகிறேன். நீ கேட்ட கதை நர்ஸ் சொன்ன கதை: அம்மா கால்வாய்க்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார்கள். அதற்கு மேல் நீயாகவே கற்பனை செய்துகொண்டாய், தண்ணீரையும் ஆழத்தையும். நடந்ததை நான் சொல்கிறேன். தொம்மலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஃபாரூக் தன் டெம்போவில் எங்கள் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்தான். அங்கிருந்து நாங்கள் கோட்டை மதிலைச் சுற்றி, ஆற்றைத் தாண்டி, வயல்களுக்குள் புகுந்து கால்வாய்க் கரையில் ஏறினோம். கரைமேல் டிராக்டர் போகும் அகலத்துக்கு ஒரு மண் பாதை. ஒரு பக்கம் கரை நிறையத் தண்ணீர், சத்தமே இல்லாமல் நம்மோடு கூடவே வரும். இன்னொரு பக்கம் கீழே கரும்பும் நெல்லும். எங்கேயோ வெல்லம் காய்ச்சுகிறார்கள், அந்த வாசனை. படித்துறையில் துணி துவைக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். கால்வாய்ப் பாதைக்கு ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. தண்ணீர் எவ்வளவு மெல்லச் சரிகிறதோ அவ்வளவுதான் பாதையும் சரியும். அதனால் காலுக்கு வேலையே தெரியாது, வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். நான் வேகமாகத்தான் போனேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, யாரும் தள்ளவில்லை. வேண்டுமென்றே, ஆசைப்பட்டு, வேகமாகப் போனேன்.

ஒரு வளைவில் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தது. முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். சக்கரம் வழுக்கி, நான் வயல் பக்கமாகச் சரிந்து கீழே போய்ச் சேற்றில் விழுந்தேன். தோளில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அதுதான் காலர் எலும்பு. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். ஜெயம்மா என்று பெயர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். "நிதானா, நிதானா" என்று சொல்லிக்கொண்டே என்னை உட்காரவைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். நாகரத்னா ஃபாரூக்கைக் கூப்பிட ஓடினாள். காத்திருந்த நேரத்தில் ஜெயம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். பேசியது கன்னடத்தில், நான் அர்த்தத்தை எழுதுகிறேன். "வீட்டுல யாரு இருக்காங்க?" "யாரும் இல்ல." "அப்போ யாரைக் கேட்டுட்டு வந்தே?" "யாரையும் கேக்கல." அவள் துண்டின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். பிறகு, "கேக்காம வர முடியுதா?" என்றாள். திட்டுகிற குரல் இல்லை, பரிதாபமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நீ வந்தாய். அடுத்த விமானத்தைப் பிடித்து, கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தாய். ரசம் வைத்தாய், உப்பு கூடிப்போய்விட்டது, பரவாயில்லை. ஒரு கையால் எனக்குத் தலை பின்ன வரவில்லை என்று நீயே சீப்பை எடுத்து, யூட்யூபைப் பார்த்துப் பார்த்துப் பின்னிவிட்டாய். அதை நான் மறக்க மாட்டேன், இந்தக் கடிதத்தில் எத்தனை கோபம் இருந்தாலும் அது அப்படியே இருக்கும். ஆனால் வலி மாத்திரை போட்டுத் தூங்கிய ஒரு மத்தியானம், எழுந்து பார்த்தால் பால்கனியில் என் சைக்கிள் இல்லை.

"சைக்கிள் எங்கடா?"

"குடுத்துட்டேம்மா. ஆன்லைன்ல போட்டேன், வொயிட்ஃபீல்ட்லேர்ந்து ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

"என்னை எழுப்பலையே."

"நல்லா தூங்கிட்டிருந்தே. எதுக்கு எழுப்பணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை. பேசினால் எலும்பு இழுத்தது, அது ஒரு பக்கம். பேசியிருந்தால் நீ ஊருக்குத் திரும்ப முடியாத அளவுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அது இன்னொரு பக்கம். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, "இனிமே ஏற மாட்டேன்னு சொல்லும்மா" என்று வாசலில் நின்றாய். "பத்திரமா போயிட்டு வா" என்றேன். நான் வாக்குக் கொடுத்ததாக உன் மனைவியிடம் சொன்னாயாம். நான் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை நினைத்துப் பார், என்ன சொன்னேன் என்று.

காலேஜ் கடைசி வருஷத்தில் நீ மோட்டார் சைக்கிளில் லடாக் போக வேண்டும் என்றாய். நாலு பையன்கள், இரண்டு பழைய வண்டி. நான் வேண்டாம் என்று சொல்லத்தான் சமையலறையிலிருந்து வந்தேன். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போறது அவன். பயம் நமக்கு. நம்ம பயத்துக்கு அவன் ஏன் லீவு போடணும்?" என்றார். உனக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கிக் கொடுத்தோம். நீ சிக்னல் இல்லாத மலைகளில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. உன் அப்பா செய்தித்தாளில் வானிலைப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. நான் லேபில் ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவருடையதோடு மாற்றி வைத்துவிட்டு, நல்லவேளையாக அன்றைக்கே கண்டுபிடித்துச் சரிசெய்தேன். நீ மூக்கெல்லாம் தோல் உரிந்து, கறுத்துப்போய், சந்தோஷமாகத் திரும்பி வந்தாய். எங்கள் பயத்தை நாங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம், உன் பையில் போட்டு அனுப்பவில்லை. இப்போது உன் முறை. உனக்குப் பயமாக இருக்கிறது, தெரிகிறது. அது அன்புதான், அதுவும் தெரிகிறது. ஆனால் அது உன்னுடையது, நீயே வைத்துக்கொள். என் பால்கனியிலிருந்து எதையும் தூக்கிக்கொண்டு போவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

நான் மறுபடி விழலாம். அடுத்த தடவையும் வயல் பக்கமாகவே விழுவேன் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, நானும் கொடுக்கவில்லை. எலும்பு கூடிவிட்டதா என்று படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஓட்டலாம்மா, ஆனா விழக் கூடாது" என்றார். "அது எல்லாருக்கும்தானே டாக்டர்" என்றேன், சிரித்துவிட்டார். உன் அப்பா எந்தச் சைக்கிளிலும் ஏறவில்லை, எந்தக் கரையிலிருந்தும் விழவில்லை. உப்பைக் குறைத்தார், தண்ணீரை அளந்து குடித்தார், சொன்னதையெல்லாம் கேட்டார். ஜாக்கிரதையாக இருந்த மனிதரை ஜாக்கிரதை காப்பாற்றவில்லை. அவர் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து ரிஸ்க் என்ற வார்த்தையைச் சொல்லாதே.

பிசியோதெரபி முடிந்து கை தலைக்கு மேல் தூக்க வந்ததும் நேராக ஃபாரூக் கடைக்குப் போனேன். தொம்மலூரில் கண்ணாடி ஆபீஸ்களுக்குப் பின்னால் பழைய ஊர் இருக்கிறதே, அங்கே கோயில் தெரு முனையில் கடை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பையன் போன் பண்ணியிருந்தாரு ஆன்ட்டி."

"என்ன சொன்னான்?"

"அம்மா வந்து கேட்டா சைக்கிள் குடுக்காதீங்க பாய்னு."

இதை நீ செய்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை அருள். கடைக்காரனிடம் சொல்லிவைப்பது, குடிகாரனுக்காகச் செய்கிற காரியம். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஃபாரூக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "எனக்கும் வீட்டுல அம்மி இருக்காங்க ஆன்ட்டி. அவர் டென்ஷன் எனக்குப் புரியுது" என்றான். "உங்க அம்மி வந்து சைக்கிள் கேட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "அவங்க கேக்க மாட்டாங்க." "ஏன்?" அவன் நிஜமாகவே யோசித்தான். "தெரியல ஆன்ட்டி. எதையுமே கேட்டதில்ல அவங்க." தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். "நான் உன்கிட்ட சைக்கிள் கேட்டு வந்திருக்கேன் ஃபாரூக். பர்மிஷன் கேட்டு வரல" என்றேன். அவன் எழுந்து போய், பழையதைவிடக் கொஞ்சம் தாழ்வான ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். இரண்டு காலும் தரையில் எட்டின. "அண்ணன் கேட்டா என்ன சொல்றது?" என்றான். "அம்மாவே சொல்லிக்கிறேன்னு சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டேன். அவனைக் கூப்பிட்டுத் திட்டாதே.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனோம். கரைமேல் ஏறியதிலிருந்தே என் கை ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டிருந்தது. அந்த வளைவு வந்ததும் இறங்கிவிட்டேன். ஜல்லியையெல்லாம் டிராக்டர்கள் அழுத்தி, பாதை தரை மாதிரி ஆகியிருந்தது, இருந்தும் இறங்கினேன். தள்ளிக்கொண்டு நடந்தேன். முன்னால் போன நாகரத்னா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் வேண்டுமென்றுதான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். வளைவைத் தாண்டி நின்றேன். தள்ளிக்கொண்டு வந்ததில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை. சைக்கிளைத் திருப்பி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய், ஏறி, மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன். யாரும் கை தட்டவில்லை. ஓர் எருமை மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெயம்மா கொஞ்ச தூரத்தில் மதகுப் படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கை சரியாச்சா?" என்று தோளைத் தொட்டு அமுக்கிப் பார்த்தாள். அவளுடைய துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுபோயிருந்தேன், கூட ஒரு புதுத் துண்டும். இரண்டையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளையே பார்த்தாள். "உக்காந்து பாக்கறியா?" என்றேன். முடியாது என்று சிரித்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். நாகரத்னா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். படித்துறைப் பெண்களெல்லாம் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள், ஒருத்தி அவள் புருஷன் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்தாள். ஜெயம்மாவுக்குப் பெடல் பிடிபடவில்லை, சைக்கிள் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனால் இறங்கவில்லை. இறக்கிவிடலாமா என்று நாகரத்னா என்னைக் கண்ணால் கேட்டாள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அடுத்த மதகு வரைக்கும் போனோம்.

அங்கிருந்து பாண்டவபுரம் தாண்டி தொண்ணூர். இரண்டு மலைகளுக்கு நடுவே கட்டி நிறுத்தின ஏரி, அடியில் கிடக்கிற கல் தெரிகிற தண்ணீர். ஊருக்குள் பழைய பெருமாள் கோயில். அதன் அடிச்சுவரில் தமிழ் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன, எத்தனையோ நூறு வருஷப் பழசு. நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன், அங்கங்கே சில எழுத்துகள் மட்டும் புரிந்தன. "என்ன எழுதியிருக்குரீ?" என்று நாகரத்னா கேட்டாள். "முழுசா தெரியல. யாரோ நம்மாளு இங்கே வந்திருக்கான்" என்றேன். "வராம எங்க போவீங்க" என்றாள்.

மேல்கோட்டை ஏற்றத்தை முழுக்க நான் ஓட்டவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கடைசி வளைவுகளில் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம், வழியில் போன ஒரு கார்க்காரர் நிறுத்தி ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றோம். மேலே போய், குளத்துப் படியில் உட்கார்ந்து, இலையில் வாங்கிய புளியோதரையைச் சாப்பிட்டோம். கீழே நாங்கள் வந்த வழி முழுக்கத் தெரிந்தது, கரும்புப் பச்சையும் நடுவே தண்ணீர்க் கோடும். அந்த இடத்தில் நான் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நினைக்கவில்லை. உன்னையும் நினைக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் யாரைப் பற்றியும் நினைக்காமல் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

ஈவா எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று உன் மனைவி வீடியோ அனுப்பியிருந்தாள். மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நீ பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போகிறாய். இப்போதைக்கு அது சரி. கொஞ்ச நாளில் அவள் ஏறக் கூடாத எதன்மேலாவது ஏறுவாள், போகக் கூடாது என்று நீ நினைக்கிற இடத்துக்குப் போகிறேன் என்பாள். அன்றைக்கு என்ன வேண்டுமானாலும் சொல். கத்து, கதவைச் சாத்து, சாப்பிடாமல் இரு. ஆனால் அவள் தூங்கும்போது அவள் பொருளை எடுத்து யாருக்கும் கொடுத்துவிடாதே. எழுப்பிச் சொல். அவள் உன்னோடு சண்டை போடட்டும். சண்டை போடக்கூட லாயக்கில்லாதவள் என்று ஒருத்தியை நினைப்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதை எனக்குச் செய்தாய். அவளுக்குச் செய்யாதே.

ஏப்ரல் மாதம் உங்களைப் பார்க்க வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். போகவும் வரவும் டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன், நீ எடுத்தால் திரும்பி வருகிற தேதியைக் காலியாக விட்டுவிடுவாய். நீ கோபத்தில் பேசாமல் இருந்தாலும் வருவேன், ஈவா பேசுவாள்.

நாளைக்குக் காலையில் கோலார்ப் பக்கம் போகிறோம், ஏரி ஏரியாகத் தாண்டிப் போகிற ஒரு மண் பாதையை நாகரத்னா கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இதைப் படித்த வேகத்தில் என்னைக் கூப்பிடுவாய். மத்தியானம் வரை கூப்பிடாதே. எடுக்க மாட்டேன். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும்.

அம்மா